தேதி குறிப்பவர் யார்? அறம் சார்ந்த ஆடை பிராண்ட்: ஓர் எளிய விளக்கம்

‘அறம் சார்ந்த ஆடை’ என்ற பேச்சு எழுந்ததும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். “கூலியைக் கூட்டிக் கொடுத்து, ஆர்கானிக் பருத்தியை வாங்கினால் முடிந்தது; முதலாளிகளின் பேராசைதான் தடை” என்பது ஒரு கட்சி. “எல்லாம் விளம்பரம், விலையை ஏற்ற ஒரு சாக்கு” என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் நிறுவனத்தாரின் மனசாட்சியைப் பற்றியே பேசுகின்றன. அவர்களுக்கு மனசாட்சி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் இந்தத் தொழில் ஏன் கடினம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். தைப்பவருக்கு வாழப் போதுமான கூலி, உயிருக்கு ஆபத்தில்லாத வேலையிடம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் குறைந்த கேடு ஆகியவற்றை வாக்காகக் கொடுத்து உடை விற்கும் நிறுவனத்தையே இங்கே அறம் சார்ந்த பிராண்ட் என்கிறேன். பெரும்பாலான நாடுகளில் இந்தப் பெயருக்குச் சட்ட வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் சட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

பிராண்டிடம் தையல் இயந்திரம் கிடையாது

வீடு கட்டுகிறீர்கள். ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் மொத்த வேலையையும் ஒப்படைக்கிறீர்கள். கொத்தனாரையும் மின்சார வேலைக்காரரையும் அவர் கூட்டி வருகிறார். மின்சார வேலைக்காரர் தனக்கு உதவியாக இரண்டு இளைஞர்களை அழைத்து வருகிறார். அந்த இருவருக்கும் நாள் கூலி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? வீடு உங்களுடையது, பணம் உங்களுடையது. ஆனால் அவர்களின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது.

ஆடை பிராண்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பெரும்பாலான பிராண்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. வடிவமைப்பும் விற்பனையும் அவர்களுடையவை; மற்றதெல்லாம் வெளியாருடையவை. இந்த வெளியார் வரிசைக்கு விநியோகச் சங்கிலி என்று பெயர். தைத்து முடிப்பவர் முதல் அடுக்கு. துணி நெய்பவரும் சாயமிடுபவரும் இரண்டாம் அடுக்கு. நூற்பாலை மூன்றாவது. பருத்தி வயல் நான்காவது. பிராண்ட் நேரில் பேசுவதும் பணம் கொடுப்பதும் வழக்கமாக முதல் அடுக்கோடு மட்டுமே.

உங்களிடம் இருக்கும் ஒரு பருத்திச் சட்டையை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். துணி ஓரிடம். தையல் நூல் வேறிடம். அது பெரும்பாலும் பாலியெஸ்டர். ‘100 சதவீதம் பருத்தி’ என்று லேபிளில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் விதிகளில் இழை விகிதக் கணக்கில் தையல் நூல் சேராது, ஆகவே அது பொய்யில்லை. காலருக்குள் விறைப்புத் துணி, பொத்தான், சலவைக் குறிப்பு அச்சிட்ட நாடா என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கிலி இருக்கிறது. பொத்தான் எங்கே செய்யப்பட்டது என்று கேட்டால் நேர்மையான பிராண்டுகளில் பலவும் தலையைச் சொறியும்.

முதல் அடுக்கிலேயே பார்வை மங்குவதும் உண்டு. தொழிற்சாலைக்கு வேலை குவிந்துவிட்டால் ஒரு பகுதியை யாருக்கும் சொல்லாமல் வெளியே வேறொரு கூடத்துக்கு அனுப்பிவிடும். இது உள்குத்தகை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். எந்தெந்த நிறுவனங்களின் உடைகள் அங்கே தைக்கப்பட்டன என்பதை இடிபாடுகளில் கிடந்த லேபிள்களையும் தாள்களையும் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: பிராண்ட் தன் கையால் எதையும் செய்வதில்லை, மற்றவர்களின் கைகளை விலைக்கு வாங்குகிறது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை அதன் பார்வைக்கு அப்பால் இருக்கின்றன.

ஆர்டர் தாளில் ஒளிந்திருப்பது

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மையம் இதுதான். ஆனாலும் பொதுப் பேச்சில் இது வருவதே இல்லை.

மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. பத்து நாள் இருக்கும்போது ஒரு ஜன்னலை இடம் மாற்றச் சொல்கிறீர்கள். தேதி மாறாது. அப்படியானால் இரவில் விளக்குப் போட்டு வேலை செய்யப் போவது யார்? நீங்கள் யாரையும் கொடுமைப்படுத்த நினைக்கவில்லை. ஜன்னல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆடையில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆர்டரிலிருந்து கப்பலேற்றம்வரை 90 நாள் என்று பேச்சு. சாய ஆலை, கேட்ட நிறத்தில் உள்ளங்கையளவு துணித் துண்டுகளைச் சாயமிட்டு அனுப்புகிறது. பிராண்டின் வடிவமைப்பாளர் அவற்றை ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும் என்கிறார். திரும்பச் சாயமிட்டு, கூரியரில் அனுப்பி, ஒப்புதல் வருவதற்குள் மூன்று வாரம் போய்விடுகிறது. கப்பல் தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. சாயமிடும் நேரத்தைக் குறைக்க முடியாது. துணி காயும் நேரத்தையும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது, வரிசையின் கடைசியில் இருக்கும் தையல் மட்டுமே. மூன்று வாரமும் அங்கிருந்துதான் பிடுங்கப்படுகிறது, இரவு வேலையாக.

அதே பிராண்டின் நடத்தை விதித் தாளில் வேலை வாரத்துக்கு 48 மணி நேரம், கூடுதல் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கும். துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு அது. அந்த விதியை எழுதியது ஒரு மேசை. நிறத்தை மாற்றியது பக்கத்து மேசை. இரண்டும் ஒரே அறையில் இருக்கலாம்.

விலை பேசுவது, தேதி குறிப்பது, அளவை முடிவு செய்வது, மாற்றம் கேட்பது, பணம் தருவது ஆகியவற்றை மொத்தமாகக் கொள்முதல் நடைமுறை என்பார்கள். தொழிற்சாலையின் வாசலுக்குள் நடக்கும் பல தவறுகளுக்கு விதை இங்கேதான் போடப்படுகிறது. அறம் சார்ந்த பிராண்ட் நடத்துபவருக்கு முதல் அதிர்ச்சியும் இதுவே. கெட்டவர்களைத் தேடித் தொழிற்சாலைக்குப் போனவர், தன் கையெழுத்திட்ட ஆர்டர் தாளையே அங்கே பார்க்கிறார்.

கூலி உயர்வு போகும் வழி

வாழ்வதற்குப் போதுமான கூலி என்பது வேறு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி என்பது வேறு. உணவு, வாடகை, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கொஞ்சம் சேமிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு வருவது முதலாவது. அரசு நிர்ணயிப்பது இரண்டாவது. ஆடை தைக்கும் பல நாடுகளில் இவற்றுக்கிடையே பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவோம் என்பதுதான் அறம் சார்ந்த பிராண்டின் வாக்குறுதி.

விற்பனை விலையில் தைத்தவரின் கூலி சிறு துண்டுதான். அதை இரட்டிப்பாக்கினால் என்ன என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். தொழிற்சாலை ஒரு சட்டையை 10 பங்குக்குத் தருகிறது. அதில் தையல் கூலி 1 பங்கு. பிராண்ட் அதை இரண்டால் பெருக்கிக் கடைக்கு 20-க்குத் தருகிறது. கடையும் இரண்டால் பெருக்கி 40-க்கு விற்கிறது. இப்போது கூலியை 2 பங்காக்குங்கள். 10 என்பது 11 ஆகிறது, 20 என்பது 22 ஆகிறது, 40 என்பது 44 ஆகிறது. தொழிலாளிக்குப் போனது 1. வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுத்தது 4.

கூட்டிய ஒரு பங்கை மட்டும் அப்படியே மேலே அனுப்பி 41-க்கு விற்க முடியாதா? முடியும், எல்லோரும் ஒத்துக்கொண்டால். ஆனால் தள்ளுபடி, விற்காத சரக்கு, திரும்பி வரும் உடைகள், விற்பனைத் தளத்தின் கமிஷன் எல்லாவற்றையும் சதவீதமாகவே கணக்கிட்டுப் பழகியிருக்கிறது இந்தத் துறை. நடுவில் கடையே இல்லாமல் இணையத்தில் நேரடியாக விற்றால் தப்பிக்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள். கடைக்குப் போன பங்கு விளம்பரத்துக்கும் திரும்பி வரும் பார்சல்களுக்கும் போகிறது. முழுவதும் போய்விடுவதில்லை என்பது ஆறுதல்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் மொத்த வேலையில் உங்கள் பங்கு 5 சதவீதம். நீங்கள் கூலிக்கென்று கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். அங்கே தைப்பவர் திங்கள்கிழமை உங்கள் சட்டையைத் தைக்கிறார், செவ்வாய்க்கிழமை வேறொரு நிறுவனத்தின் சட்டையை. திங்கள்கிழமை ஒரு கூலி, செவ்வாய்க்கிழமை ஒரு கூலி என்று கொடுக்க முடியுமா? உங்கள் வரிசையில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் பக்கத்து வரிசை சும்மா இருக்குமா? எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் சில்லறைதான் மிஞ்சும். உங்கள் நல்லெண்ணம் இருபதால் வகுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே கூலி என்பது ஒரு பிராண்ட் தனியாக வாங்கித் தரக்கூடிய பொருள் அல்ல. பல பிராண்டுகள் சேர்ந்தால் அல்லது தொழிற்சங்கம் பேரம் பேசினால்தான் அது அசையும். ராணா பிளாசாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களோடு 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்ட வங்கதேசப் பாதுகாப்பு ஒப்பந்தம் அப்படித்தான் வேலை செய்தது. அது பாதுகாப்புக்கான ஒப்பந்தம், கூலிக்கானது அல்ல. ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்தியது, எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டியது. அதனால்தான் தீத்தடுப்புக் கதவுகள் உண்மையிலேயே பொருத்தப்பட்டன.

சிறியவராக இருப்பதன் விலை

அறம் சார்ந்த பிராண்டுகளில் பெரும்பாலானவை சிறியவை. சிறியது அழகு என்று நாம் நினைக்கிறோம். சாயத் தொட்டி அப்படி நினைப்பதில்லை.

ஒரு சாய இயந்திரம் ஒரு தடவைக்கு 200 கிலோ துணி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்றால் அது ஒரே நிறத்தில் 1,000 சட்டை. உங்களுக்குத் தேவை 150. பாதி நிரம்பாத இயந்திரத்துக்கும் தண்ணீரைச் சூடாக்கத்தான் வேண்டும். அதனால்தான் ஆலைகள் இதற்குக் கீழே எடுக்க மாட்டோம் என்று ஒரு கோடு போடுகின்றன. அதுவே குறைந்தபட்ச ஆர்டர் அளவு.

உங்கள் முன் மூன்று வழிகள். 1,000 சட்டை தைத்து 850-ஐக் கிடங்கில் அடுக்கலாம். அளவோடு உற்பத்தி செய்கிறோம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அபராதம் போலக் கூடுதல் விலை கொடுத்து 150 மட்டும் சாயமிடலாம், விலை ஏறும். அல்லது யாரோ ஏற்கெனவே சாயமிட்டு மிச்சம் வைத்த துணியை வாங்கலாம். மிச்சத் துணியில் தைப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதன் பருத்தி எங்கே விளைந்தது என்று கேட்காதீர்கள்.

பணம் வந்து போகும் நேரமும் இங்கே சேர்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவும் சரக்கு கப்பலேறிய பிறகுதான் பணம் தருகின்றன, அதுவும் 60, 90 நாள் கழித்து. அதுவரை பஞ்சுக்கும் நூலுக்கும் கூலிக்கும் பணம் போடுவது தொழிற்சாலை. 2020-இல் கொரோனா வந்ததும் தைத்து முடித்த ஆர்டர்களைக்கூடப் பல நிறுவனங்கள் ரத்து செய்தன. வெட்டிய துணியும் தைத்த உடையும் தொழிற்சாலைகளின் தலையில் நின்றன, கூலி நின்றுபோனது. நியாயமாக நடக்க நினைப்பவர் முன்பணம் தர வேண்டும். அந்தப் பணம் சட்டையாக மாறி, விற்று, திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும். சிறிய பிராண்டுகள் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன, கொள்கையில் தோற்று அல்ல.

சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பார்வைக்கு எட்டாததைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் தணிக்கையும் சான்றிதழும். வெளியாள் ஒருவர் குறிப்பிட்ட நாளில் வந்து, குறிப்பிட்ட பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது தணிக்கை. தேர்வு நாளன்று மட்டும் வகுப்பறை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

ஒவ்வொரு சான்றிதழும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற முத்திரை, துணியில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருள் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறது. தைத்தவரின் கூலி அதன் கேள்வியே இல்லை. காட்ஸ் என்ற ஆர்கானிக் துணித் தரத்தில் குறைந்தது 70 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்றே எழுத வேண்டுமானால் 95. பதப்படுத்தும் ஆலைகளின் வேதிப்பொருள், தொழிலாளர் நிலை ஆகியவையும் அதில் வருகின்றன. இது கனமான சான்றிதழ். அதற்குத் தகுந்தாற்போல் செலவும் காகிதமும்.

சரக்குச் சமநிலை என்றொரு முறையும் இருக்கிறது. வங்கியில் ஒரு நோட்டைப் போடுகிறீர்கள். மறுநாள் எடுக்கும்போது வருவது அதே நோட்டு அல்ல, அதே தொகை. நல்ல முறையில் விளைந்த இவ்வளவு பருத்தி சங்கிலிக்குள் நுழைந்தது, அதே அளவுக்கு உரிமை கோரலாம் என்பதுதான் கணக்கு. உங்கள் சட்டையில் அந்தப் பருத்தி இருக்க வேண்டியதில்லை. இது மோசடி அல்ல. ஆனால் வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது புரிந்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்.

காகிதம் தோற்ற இடங்களும் உண்டு. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழைப் பெற்றிருந்தது. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலி ஆவணங்களால் ஆர்கானிக் ஆக்கப்பட்டிருந்ததைக் காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது.

சான்றிதழ்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. தடயம் இல்லாமல் இருப்பதைவிட தடயம் இருப்பது மேல். கராச்சியில் பொறுப்பைத் தேட முடிந்ததற்கு அந்தத் தாளும் ஒரு காரணம்.

நன்மையும் நன்மையும் மோதும்போது

தீமையை விட்டு நன்மையைத் தேர்ந்தெடுப்பது எளிது. இங்கே பெரும்பாலும் இரண்டு நன்மைகளில் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த பாலியெஸ்டர் புதிய பெட்ரோலியத்தைச் சேமிக்கிறது. துவைக்கும்போது நுண்ணிழைகளைத் தண்ணீரில் உதிர்க்கிறது. மீண்டும் பாட்டிலாகியிருக்கக்கூடிய ஒன்று, எளிதில் மறுசுழற்சி செய்ய முடியாத சட்டையாகிறது. ஆர்கானிக் பருத்திக்கு மாறும் விவசாயி இரண்டு மூன்று ஆண்டுகள் இடுபொருளை மாற்றி, குறைந்த விளைச்சலை ஏற்று, ஆர்கானிக் விலையும் கிடைக்காமல் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலப் பருத்தியை வாங்கினால் அவருக்கு உதவி. ஆனால் லேபிளில் ‘ஆர்கானிக்’ என்று போட முடியாது.

எல்லாவற்றிலும் கடினமானது இது. உங்களுக்குத் தைக்கும் இடத்தில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வேலை செய்வது தெரியவருகிறது. உடனே ஒப்பந்தத்தை முறித்தால் உங்கள் பெயர் தப்பிவிடும். தொழிற்சாலை அவளை அன்று மாலையே அனுப்பிவிடும். அவள் இன்னும் மோசமான, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கூடத்துக்குப் போவாள். உங்கள் தளத்தில் வரும் அறிக்கையோ வீரமாக இருக்கும். அங்கேயே தங்கி, அவளைப் பள்ளிக்கு அனுப்பி, குடும்பம் இழக்கும் வருமானத்துக்கு வழி செய்து, அடுத்த சிறுமி வராமல் பார்த்துக்கொள்வது நீண்ட வேலை. அதற்கிடையில் யாராவது படம் எடுத்துப் போட்டால், குழந்தைத் தொழிலாளர் இருக்கும் ஆலையில் தைக்கும் பிராண்ட் நீங்கள்தான். முதலில் சரிசெய்ய முயல வேண்டும், விலகுவதாக இருந்தால் விலகலின் விளைவையும் எடைபோட வேண்டும் என்பது 2011-இல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளின் நிலை. வாடிக்கையாளர்களின் கோபம் அந்த நெறிகளைப் படித்துவிட்டு வருவதில்லை.

சொல்வதா, சும்மா இருப்பதா

செய்ததைவிட அதிகமாகச் சொல்வது பசுமைப் பூச்சு. மாட்டிக்கொள்வோமோ என்று செய்ததையும் சொல்லாமல் இருப்பது பசுமை மௌனம். சட்டங்கள் இப்போது முதலாவதை நெருக்குகின்றன. பிரிட்டனின் போட்டி ஒழுங்காற்று அமைப்பு நடத்திய விசாரணையின் முடிவில், 2024-இல் மூன்று பெரிய ஆடை விற்பனை நிறுவனங்கள் தங்கள் பசுமைக் கூற்றுகளைத் தெளிவாக்குவதாக எழுதிக் கொடுத்தன. ஆதாரமில்லாத ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களைத் தடுக்கும் ஐரோப்பிய விதிகள் 2026 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆதாரம் திரட்ட ஒரு துறையையே வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கும், இரண்டு பேர் நடத்தும் பிராண்டுக்கும் இதன் பளு ஒன்றல்ல. இரண்டாவது வகையினர் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்தவர் அடுத்து கேட்பது, எந்த பிராண்டை நம்புவது என்பதாகத்தான் இருக்கும். பட்டியல் தர மாட்டேன். ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பிப் பாருங்கள்: ஆர்டர் கொடுத்த பிறகு நீங்களே மாற்றம் கேட்டால், கப்பல் தேதியைத் தள்ளிப்போடுவீர்களா? துணியைப் பற்றியும் மரக்கன்று நடுவதைப் பற்றியும் பதில் வந்தால், கேள்வி கொள்முதல் மேசைக்குப் போகவே இல்லை என்று பொருள். ‘எப்போதும் தள்ளிப்போடுவோம்’ என்று வந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். ‘போன பருவத்தில் இரண்டு ஆர்டர்களில் தள்ளிப்போட்டோம், ஒன்றில் முடியவில்லை, கூடுதல் நேரக் கூலியை நாங்கள் ஏற்றோம்’ என்று யாராவது எழுதினால், அந்தச் சட்டையின் விலையைப் பார்க்கத் தொடங்குவேன்.